ஓவன் ட்ரேயில் நிற்கும் கறிச்சாறு: கொட்டவா, கிரேவி வைக்கவா?

கேள்வி: 13 அக்டோபர் 2024, ஞாயிறு, மதியம் 3.10

இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்றுதான் முதன்முதலாக ஓவனில் முழுக்கோழி வைத்தேன். வெந்து எடுத்தபோது ட்ரேயில் ஒரு டம்ளர் அளவுக்கு எண்ணெயும் தண்ணீருமாக நின்றது. அடியில் பழுப்பாக ஒட்டியும் இருந்தது. "இங்கே அதுலதான் கிரேவி வைப்பாங்க" என்கிறார் வீட்டுக்காரர். வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை, இஞ்சி பூண்டு இல்லை, அது என்ன கிரேவி? கழிவு எண்ணெய்தானே? சிங்க்கில் ஊற்றி வெந்நீர் விட்டுவிட்டேன். யார் சொல்வது சரி?

பதில்: 13 அக்டோபர், மாலை 6.45

வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. சிங்க் கதையை அப்புறம் சொல்கிறேன், அது தனிக் கதை.

உங்கள் ட்ரேயில் நின்றவை மூன்று. மேலே மிதந்தது கொழுப்பு. அதற்குக் கீழே கோழியிலிருந்து இறங்கிய சாறு. அடியில் ஒட்டியிருந்த பழுப்பை எங்கள் வீட்டில் காந்தல் என்போம். பால் காய்ச்சிய சட்டியில் சுரண்டித் தின்போமே, அந்தக் காந்தல். ருசி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கொழுப்பு அதைச் சுமக்கிற வண்டி, அவ்வளவுதான்.

செய்முறை: கோழியைத் தட்டுக்கு மாற்றி இருபது நிமிடம் தொடாதீர்கள். ட்ரேயில் நிற்பதை உயரமான எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் கொழுப்பு மேலே ஏறிவிடும். அதில் 2 மேசைக்கரண்டி மட்டும் திரும்ப ட்ரேயில் விட்டு, 2 மேசைக்கரண்டி மைதா தூவி, ட்ரேயை நேராக அடுப்பில் வைத்துச் சிறு தீயில் கிளறுங்கள். பச்சை வாசனை போய் வறுத்த கடலை வாசனை வரும். அப்போது டம்ளரின் அடியில் நிற்கும் சாற்றை விட்டு, பிறகு கொதிநீரோ ஸ்டாக்கோ (எலும்பு, காய்கறி வேகவைத்து வடித்த சாறு) கொஞ்சம் கொஞ்சமாக மொத்தம் அரை லிட்டர் வரை. மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு நிமிடம் கொதித்துக் கரண்டியின் முதுகில் ஒட்டினால் பதம். உப்பு கடைசியில். டீ வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள். மைதா இல்லாவிட்டால் அதே அளவு கார்ன்ஃப்ளார் போடலாம்.

நீங்கள் கொட்டியதற்காக வருத்தப்படாதீர்கள். நான் இதைவிடப் பெரிய தப்பு செய்தவன். 2010இல் மாணவனாக யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகருக்கு வந்து ஒரு பப் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, கறி வறுத்த ட்ரே ஏழெட்டு வந்தது. நம்ம ஊர்க்காரன் எப்படி உழைப்பான் என்று காட்ட வேண்டாமா? அத்தனையையும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி அடுக்கி வைத்தேன். தலைமைச் சமையல்காரர் வந்தார், ட்ரேக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். அன்று மதியம் அறுபது பேருக்கு ஊற்ற வேண்டிய கிரேவி, நான் விட்ட சோப்புத் தண்ணீரோடு போயிருந்தது. எல்லோருக்கும் வெந்நீரில் கரைக்கும் டப்பாக் கிரேவிப் பொடிதான்.

13 அக்டோபர், இரவு 7.30

ஸ்டாக் இல்லையே என்று கேட்கப்போகிறீர்கள். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருங்கள். இங்குள்ள பாட்டிமார் அதைத்தான் ஊற்றுவார்கள். கேரட் வெந்த தண்ணீரும் சரி. முட்டைக்கோஸ் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு, எனக்கு அந்த வாசம் ஒத்துவராது.

14 அக்டோபர், காலை 8.05

அவசரத் திருத்தம். ட்ரேயை நேராக அடுப்பில் வைக்கச் சொன்னேன். கண்ணாடி ட்ரே என்றால் வைக்காதீர்கள்! வெடித்துச் சிதறும். பீங்கானும் அப்படியே. இரும்பு, ஸ்டீல், எனாமல் பூசிய இரும்பு என்றால் அடுப்பில் ஏறலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய ட்ரேயை வைத்தால் வெடிக்காது, ஆனால் சூடாகவும் ஆகாது. கால் மணி நேரம் கிளறிக்கொண்டே நின்று 'ஏன் கொதிக்கவில்லை' என்று நான் யோசித்திருக்கிறேன்.

கண்ணாடி ட்ரே வைத்திருப்பவர்களுக்கு வழி: கொழுப்பை வடித்த பின், ட்ரே இன்னும் சூடாக இருக்கும்போதே ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுச் சுரண்டுங்கள். பச்சைத் தண்ணீர் கூடாது, அதுவும் வெடிக்க வைக்கும். பழுப்பு கரைந்து வந்துவிடும். அதைச் சட்டிக்கு மாற்றி மற்ற வேலையை அடுப்பில் பாருங்கள்.

இரவு ஒன்பது மணிக்குத்தான் இது நினைவுக்கு வந்தது. படுத்துவிட்டேன். கவென்ட்ரியில் யாரும் ட்ரேயை உடைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

14 அக்டோபர், மதியம் 1.20

இப்போது சிங்க். சூடாக இருக்கும்போது எண்ணெய் மாதிரி ஓடும், வெந்நீர் விட்டால் போய்விட்டது போலவும் தெரியும். பத்தடி தள்ளிக் குழாய்க்குள் குளிர்ந்து மெழுகாக உட்கார்ந்துகொள்ளும். 2017 செப்டம்பரில் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து பாறையாகிவிட்டது. அதில் ஒரு துண்டை மறு வருடம் மியூசியம் ஆஃப் லண்டனில் காட்சிக்கே வைத்தார்கள். டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம் என்றாலும் நான் போகவில்லை.

என் வீட்டுக் குழாய் அடைத்ததற்குச் செலவு 120 பவுண்டு. குழாய்க்காரர் கம்பியை விட்டு இழுத்தபோது வெள்ளையாக வந்தது. "வார வாரம் ரோஸ்ட் சாப்பிடுற வீடு போல" என்றார். பாராட்டு மாதிரியே இருந்தது.

மிச்சக் கொழுப்பைப் பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி ஆறவிட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த வாரம் உருளைக்கிழங்கு வறுக்க ஆகும். வேண்டாமென்றால் உறைந்த பின் குப்பையில் போடுங்கள்.

16 அக்டோபர், இரவு 10.15

'கிரேவி' என்ற சொல்லைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நம் ஊரில் ஓட்டலில் உட்கார்ந்ததும் "கிரேவியா, செமி கிரேவியா, டிரையா?" என்று கேட்பார்கள். அங்கே கிரேவி என்றால் மசாலா கெட்டியாக நிற்கிற பதம். புரோட்டாவுக்கு ஊற்றினால் சால்னா, சோற்றுக்கு ஊற்றினால் குழம்பு, சில்லி பரோட்டாவோடு கிண்ணத்தில் வந்தால் கிரேவி. பனீரிலும் கிரேவி உண்டு, காளானிலும் உண்டு. கறியே தேவையில்லை.

இங்கே கிரேவி என்றால் கறி வெந்தபோது இறங்கியது. மசாலா நாம் போடுவதில்லை, அடுப்பே செய்துவிடுகிறது. இரண்டும் ஒரே பெயரில் திரிவதால்தான் கவென்ட்ரி சகோதரிக்குக் குழப்பம்.

ஆனால் சாமான் நமக்குப் புதிதா என்றால் இல்லை. சுக்கா வறுத்து இறக்கிய இரும்புச் சட்டியில் ரெண்டு கை சோற்றைப் போட்டுப் புரட்டி, சட்டியைத் துடைத்த மாதிரி ஆக்கி உருட்டிக் கொடுப்பார்களே, அந்த உருண்டைக்கு நானும் தங்கச்சியும் அடித்துக்கொள்வோம். வெண்ணெய் உருக்கிய சட்டியில் முருங்கை இலையும் கசண்டுமாக அடியில் நிற்கும், அதில் சோறு பிசைந்து உப்புப் போட்டுத் தின்பதும் இதே ஜாதி. நாம் சோற்றால் சட்டியைத் துடைத்தோம், இவர்கள் மாவும் தண்ணீரும் விட்டுக் கழுவி எடுத்துக்கொண்டார்கள்.

20 அக்டோபர், ஞாயிறு, மாலை 5.00

வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் இன்று அளந்து பார்த்தேன். கோழி 1.6 கிலோ. கணக்கு: 450 கிராமுக்கு 20 நிமிடம், மேலே ஒரு 20 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம். கோழிக்கு அடியில் இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், ஒரு கேரட். தொடையின் உள்ளே வெப்பமானி 75 காட்டியது, எடுத்தேன்.

ட்ரேயில் இறங்கியது மொத்தம் 190 மி.லி. டம்ளரில் ஊற்றிப் பார்த்ததில் மேலே 110 கொழுப்பு, கீழே 80 சாறு. போன வாரம் 'ஒரு டம்ளர் கிரேவி போச்சே' என்று நினைத்தவர்கள் கவனிக்க: பாதிக்கு மேல் கொழுப்பு. அதை அப்படியே சேர்த்திருந்தால் தட்டில் எண்ணெய் மிதக்கும்.

இன்றைக்குக் கற்றது ஒன்று. ட்ரே பெரிதாக இருந்தால் சாறு பரவி, கோழி வேகும் முன்பே காய்ந்து கருகிவிடும். காந்தல் இனிக்கும், கருகல் கசக்கும், கருகலைக் கரைத்து ஊற்றினால் கிரேவி முழுக்கக் கசக்கும், அதற்கு மருந்தே கிடையாது. கோழிக்கு அளவான ட்ரே எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பாருங்கள், அடி காய்ந்திருந்தால் அரை டம்ளர் வெந்நீர் விடுங்கள்.

இந்தப் பழுப்பு வருவது எதனால் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கறியில் உள்ள புரதத் துண்டுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வேலை. 1912இல் லூயி காமீ மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிவைத்தார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டை வறுபடும் வாசமும் இதே கணக்குதான்.

21 அக்டோபர், காலை 7.50

இன்னொரு திருத்தம், இதுவும் என் தலையில். மைதாவுக்குப் பதில் 'அதே அளவு' கார்ன்ஃப்ளார் என்று எழுதியிருந்தேன். பாதி போதும். மைதாவில் மாவுச்சத்தோடு புரதமும் உண்டு, கார்ன்ஃப்ளார் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. அதே அளவு போட்ட ஒருவர் கிரேவியைக் கத்தியால் வெட்டினதாக எழுதியிருக்கிறார். மன்னிக்கவும்.

சேர்க்கும் முறையும் வேறு. மைதாவைக் கொழுப்பில் வறுக்கலாம், ஒவ்வொரு துகளையும் கொழுப்பு சுற்றிக்கொள்வதால் கட்டி தட்டாது. கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சாற்றில் கிளறிக்கொண்டே விட வேண்டும். உலர் மாவைக் கொதிநீரில் தூவினால் வெளிப்புறம் உடனே பசையாகி உள்ளே மாவு மாவாகவே அடைபட்டுவிடும். அதுதான் கட்டி. இதை அம்மாவிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். "கேப்பமாவைக் கரைச்சுத்தான்டா உலையில ஊத்தணும், இதைச் சொல்லிக்குடுக்க ஒரு வெள்ளக்காரன் வேணுமா உனக்கு?" என்றாள்.

மைதாவை ரொம்பச் சிவக்க வறுத்தால் நிறமும் வாசமும் கூடும், ஆனால் கெட்டியாக்கும் சக்தி குறையும். அப்போது அரைக் கரண்டி கூடுதலாகப் போடுங்கள். ஆட்டா வேண்டாம், தவிடு நாக்கில் உறுத்தும்.

21 அக்டோபர், இரவு 9.00

அரிசி மாவில் செய்யலாமா என்பவருக்கு: செய்யலாம். கோதுமை ஆகாத விருந்தாளி வந்தால் நான் அதைத்தான் போடுகிறேன். ஒருமுறை வடிகஞ்சியை விட்டும் பார்த்தேன். கெட்டியானது, ருசியும் கெடவில்லை, ஆனால் நிறம் வெளுத்துப்போய்க் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

27 அக்டோபர், ஞாயிறு, காலை 11.30

குளிர்கால நேரத்துக்காக இங்கே இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள், அதனால் எழுத நேரம் கிடைத்தது.

பக்கத்து வீட்டம்மா 1946இல் பிறந்தவர். என்னை 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். யார்க்‌ஷயரில் பஸ் ஓட்டுநரும் காய்கறிக் கடைக்காரரும்கூட அப்படித்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போரின்போது ஏற்பட்ட இறைச்சி ரேஷன் 1954 ஜூலை 4 அன்றுதான் முடிந்தது, அவருக்கு அப்போது எட்டு வயதுகூட இருக்காது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கறித்துண்டு எவ்வளவு சின்னது என்று கையைக் குவித்துக் காட்டுவார். அந்தத் துண்டு மதியம் ரோஸ்ட், திங்கள்கிழமை துணி துவைக்கிற நாள் என்பதால் ஆறிய கறி, ட்ரேயில் இறங்கியது வாரம் முழுக்க ரொட்டியில்.

அதற்கு இங்கே பெயர் 'மக்கி ஃபேட்', அழுக்குக் கொழுப்பு. இரவு முழுக்க வைத்தால் மேலே வெள்ளைக் கொழுப்பும் அடியில் பழுப்பு ஜெல்லியுமாகப் பிரியும். இரண்டையும் கலந்து ரொட்டியில் தடவி உப்புத் தூவித் தின்பது. 'அழுக்கு' என்றால் அந்த ஜெல்லிதான், அதில்லாமல் வெள்ளைக் கொழுப்பு மட்டும் தடவினால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை எனக்கும் கொடுத்தார். நான் கசண்டுச் சோற்றின் கதையைச் சொன்னேன். முருங்கை இலை என்றால் என்ன என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது.

யார்க்‌ஷயர் புட்டிங்கும் இதே குடும்பம். முட்டை, பால், மைதா கரைசலைக் கொதிக்கிற கொழுப்பில் ஊற்றினால் குப்பென்று எழும்பும். 1747இல் ஹன்னா கிளாஸ் அச்சிட்ட சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைக் கிரேவியோடு முதல் பந்தியாகக் கொடுத்துவிடுவார்களாம். வயிறு பாதி நிறைந்துவிட்டால் கறி குறைவாகப் போதும். எங்கள் ஊர்க் கல்யாண வீட்டிலும் பாயசத்தை முன்னால் காட்டிப் பிரியாணியைக் காப்பாற்றும் சித்தப்பா ஒருவர் இருந்தார்.

2 நவம்பர், இரவு 8.40

தீபாவளி முடிந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கிரேவியிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறது.

யார்க்‌ஷயரில் பழைய ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகள் பல, எண்ணெயில் பொரிப்பதில்லை. மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள், வெறும் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சில கடைகளில் வெளியிலேயே பெருமையாக எழுதி வைத்திருப்பார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், 2023 கோடையில் அம்மா வந்திருந்தாள். நான் மாடு சாப்பிடுவேன், அவள் தொடமாட்டாள். இங்கே அவளுக்கு எதுவுமே இறங்கவில்லை, பிடித்தது முக்குக் கடைச் சிப்ஸ் ஒன்றுதான். வந்த மூன்று வாரமும் நடந்துபோய் வாங்கித் தின்றாள். "நம்ம ஊர்ல இப்பிடி மொறுமொறுன்னு வரமாட்டேங்குதே" என்பாள். கடையில் எதில் பொரிக்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை. இன்றுவரை அவளிடம் சொல்லவும் இல்லை.

3 நவம்பர், மதியம் 2.15

சென்னையிலிருந்து ஒருவர்: "ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்) தயிர், மசாலா தடவிய கோழி வைக்கிறேன். அதில் இறங்குவதில் மைதா போட்டு வைக்கலாமா?"

வேண்டாம். தயிரில் ஊறிய கோழியிலிருந்து இறங்குவது திரிந்த மோர் மாதிரி இருக்கும். அடியில் காய்வது பெரும்பாலும் மசாலா, அது கறியைவிடச் சீக்கிரம் கருகும். உப்பும் ஏற்கெனவே அதிகம். மைதா போட்டால் திரிதிரியாகத் தண்ணீர் பிரிந்து நிற்கும். கருகாமல் இருந்தால், வெங்காயம் தக்காளி வதக்கி அதில் இந்தச் சாற்றை ஊற்றிச் சுண்டவிடுங்கள். ஆமாம், நம்ம ஊர்க் கிரேவிதான். அதைச் சொல்லவா மூன்று வாரம் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள்.

ஏர் ஃப்ரையரில் கூடைக்கு அடியில் நிற்பதும் ஆகும். கோழி வைக்கும் முன் அடியில் ரெண்டு மூன்று கரண்டித் தண்ணீர் விட்டுவையுங்கள். புகையும் வராது, கருகவும் கருகாது.

3 நவம்பர், இரவு 11.05

மசாலா என்றதும் நினைவு வந்தது. முதல் வருடம் பக்கத்து வீட்டம்மாவை ரோஸ்ட் சாப்பிடக் கூப்பிட்டு, கிரேவியில் கரம் மசாலாவும் மிளகும் போட்டு அசத்தினேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு, லவ்" என்றார். மகிழ்ந்துபோய் இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றினேன். யார்க்‌ஷயரில் 'வித்தியாசமா இருக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று பிறகு பப் ஆட்கள்தான் சொன்னார்கள்.

10 நவம்பர், ஞாயிறு, காலை 9.20

'மீன் குழம்பையே மறுநாள் வரை வெளியில் வைத்துச் சாப்பிடுகிறோம், ட்ரேயை இரவு ஓவனிலேயே விட்டால் என்ன' என்ற பதிலுக்குப் பல பேர் கை தட்டியிருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மீன் குழம்பில் புளி இருக்கிறது, உப்பும் தூக்கலாக இருக்கிறது. அது கொஞ்சம் காவல். அதுவும் முழுக் காவல் ஆகாது. கறிச்சாற்றில் புளிப்பு கிடையாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒரு கிருமி உண்டு, கறியும் கறிச்சாறும் அதற்குப் பிடித்த இடம். அதன் விதைகள் சமையல் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், சாறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். மூடிய ஓவனுக்குள் வெதுவெதுப்பாக இரவு முழுக்கக் கிடந்தால் அதற்குத் திருவிழாதான்.

நான் ஒருமுறை அப்படி விட்டு மறுநாள் கிரேவி வைத்தேன், 'கொதிக்க வைத்தால் போச்சு' என்று. சரியாகக் கொதிக்கவும் வைக்கவில்லை, சூடு காட்டி இறக்கினேன். இரவு முழுக்க வயிறு பட்ட பாடு இங்கே எழுதும்படியானதில்லை.

பப்பில் கடைப்பிடித்த விதி: பரிமாறும் வரை 63 டிகிரிக்கு மேல் வைத்திரு. மிச்சத்தை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வை. ரெண்டு நாளில் முடி. திரும்பச் சூடாக்கினால் கொதி வரட்டும், ஒரு தடவைக்கு மேல் சூடாக்காதே. வடித்த வெள்ளைக் கொழுப்பு ரொம்ப நாள் தாங்கும், ஈரமுள்ள ஜெல்லி தாங்காது. 

10 நவம்பர், இரவு 7.00

தங்கச்சி இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. சிப்ஸ் விஷயத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டாள்.

12 நவம்பர், காலை 6.30

அம்மா இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. இன்று எடுத்தாள். "தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வாரம் தெரியாது என்றேன்.

"ரெண்டாவது வாரம்?"

கடை வாசலில் எழுதியிருந்ததை இரண்டாவது வாரம் பார்த்துவிட்டேன். உனக்குச் சாப்பிட அது ஒன்றுதான் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்றேன். 'கேட்கவில்லை' என்று மேலே நான் எழுதியது உண்மை. பார்த்தேன் என்பதை எழுதாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

28 நவம்பர், இரவு 9.50

அமெரிக்காவில் இன்று தேங்க்ஸ்கிவிங் விருந்து, அதனால் டெக்சாஸ்காரர்கள் இங்கே கேள்வியோடு வந்துவிட்டார்கள். அங்கே தென்பகுதியில் 'ரெட் ஐ கிரேவி' என்று ஒன்று உண்டு. உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறியை வாணலியில் வறுத்து, அடியில் ஒட்டியதைக் கடுங்காப்பி விட்டுச் சுரண்டுவது. மாவே கிடையாது. ஆட்டுத்தொடை ட்ரேயில் நான் அரை டம்ளர் டிகாக்‌ஷன் விட்டுப் பார்த்தேன், அதுவும் சிக்கரி கலந்தது. மனைவி ஒரு விரல் தொட்டு வைத்துவிட்டு, "இனிமே காப்பித்தூளை ஒளிச்சு வைக்கணும்" என்றாள்.

26 டிசம்பர், மதியம் 12.10

நேற்று ஐந்து கிலோ வான்கோழி, எட்டுப் பேர். வான்கோழியில் சாறு நிறைய இறங்கும், ஆனால் நீர்த்துப்போய் இருக்கும். அந்த நாளில் அடுப்பும் காலியாக இருக்காது. ஆகவே முன்னேற்பாடு: டிசம்பர் முதல் வாரமே ஒரு கிலோ கோழி இறக்கையை வெங்காயம், கேரட்டோடு நன்றாகச் சிவக்கச் சுட்டு, மேலே மைதா தூவிப் புரட்டி, ரெண்டு லிட்டர் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து, அழுத்தி வடித்து ஃப்ரீசரில் போட்டேன். நேற்று அதைச் சூடாக்கி, வான்கோழி ட்ரேயின் காந்தலை மட்டும் கரைத்துச் சேர்த்தேன். உறைந்து உருகியபோது திரிந்த மாதிரி தண்ணீர் பிரிந்து நின்றது. பயப்படாதீர்கள், கொதிக்கவிட்டு மத்துப் போலக் கடைந்தால் சேர்ந்துவிடும்.

வான்கோழிக்குள் பையில் வரும் கழுத்தை வேகவைத்து ஸ்டாக் எடுக்கலாம். ஈரலைச் சேர்க்காதீர்கள், கசந்துவிடும்.

டப்பாப் பொடியைப் பற்றி மேலே இளக்காரமாக எழுதியிருந்தேன். பிஸ்டோ என்ற அந்தப் பொடி 1908இல் வந்தது, நூறு வருடத்துக்கு மேல் ஒரு தேசம் சும்மா வாங்காது. நேற்று எட்டாவது ஆளுக்குக் கிரேவி பத்தாமல் நானே ரெண்டு கரண்டி கலந்தேன். பக்கத்து வீட்டம்மா ரசித்துச் சாப்பிட்டார். பல வருடமாக அவர் வீட்டிலும் ஒரு கரண்டி சேர்ப்பதுதான் வழக்கமாம், என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

19 ஜனவரி 2025, ஞாயிறு, மாலை 4.40

கவென்ட்ரி சகோதரி எழுதியிருக்கிறார்: இன்று வைத்தார், கட்டி தட்டவில்லை, நிறம் வந்தது, வீட்டுக்காரர் புட்டிங்கால் ட்ரேயையே துடைத்தார், ஆனால் உப்புக் கரித்தது, உருளைக்கிழங்கைப் போட்டால் இழுத்துக்கொள்ளுமா?

இழுக்காது. கிழங்கு கொஞ்சம் சாற்றை உறிஞ்சும், உறிஞ்சிய சாறும் மிஞ்சிய சாறும் ஒரே கரிப்புதான் இருக்கும். உப்பில்லாத தண்ணீர் விட்டு, அரைக் கரண்டி கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றுங்கள். உங்கள் வரியில் 'ஸ்டாக் கட்டி ரெண்டு' என்றிருக்கிறது, உப்பு அங்கிருந்துதான். கோழிமேல் தடவிய உப்பும் ட்ரேயில்தான் இறங்குகிறது. அடுத்த தடவை கட்டியே வேண்டாம், கிழங்கு வெந்த தண்ணீர் விடுங்கள், அந்தத் தண்ணீரில் உப்புப் போட்டிருந்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி, இரவு 10.30

கேட்டவர்களுக்கு: அம்மா ஏப்ரலில் வருகிறாள். டிக்கெட் போட்டாயிற்று. சிப்ஸ் வீட்டிலேயே கடலை எண்ணெயில் போடச் சொல்லியிருக்கிறாள். கிழங்கை ஒரு கொதி வேகவிட்டு, ஆறவைத்து, ரெண்டு தடவை பொரித்துப் பார்த்தேன். கடை மொறுமொறுப்பு வரவில்லை. வேறு எண்ணெய் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.